பேஸ் ஹாரன் பெட்டி: வாயில் தொடங்கி டிரைவரில் முடியும் கணக்கு

18 இஞ்ச் டிரைவரை (கோனும் மேக்னெட்டும் சேர்ந்த ஸ்பீக்கரை) வைத்து, திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கான ஹாரன் வகை பேஸ் பெட்டியை நாமே கணக்குப் போட்டு வடிவமைப்பது எப்படி, எங்கெங்கே தவறு நேரும் என்பது கேள்வி. இதற்குப் பதில் சொல்லுமுன் ஒன்று தெரிய வேண்டும்: எத்தனை பெட்டி செய்யப் போகிறீர்கள்? ஒன்று இரண்டுதான் என்றால் ஹாரன் வேண்டாம். அதே மரத்தில், அதே டிரைவரில், துளை வைத்த ரிஃப்ளெக்ஸ் பெட்டி செய்தால் அடி பேஸ் கூடுதலாகவே கிடைக்கும். நான்குக்குக் குறையாமல் செய்து, நான்கையும் ஒரே இடத்தில் ஒட்டி அடுக்குவீர்கள் என்றால் ஹாரன் செய்யுங்கள்.

ஏன் இந்த நிபந்தனை என்றால், ஹாரனின் அடி எல்லையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தொண்டையிலிருந்து (டிரைவர் பக்கக் குறுகிய முனை) வாய் வரை (ஒலி வெளியேறும் அகன்ற முனை) பரப்பு எவ்வளவு வேகமாக விரிகிறது என்பது. மற்றது, வாயின் அளவு. விரிவைப் பெட்டிக்குள் மடித்து ஒளித்துவிடலாம். வாயை மடிக்க முடியாது. வாயின் சுற்றளவு, நாம் கேட்க விரும்பும் மிகக் குறைந்த அதிர்வெண்ணின் ஒரு அலைநீளம் அளவுக்கு இருந்தால்தான் ஒலி தடையில்லாமல் வெளியேறும். வாய் அதைவிடச் சிறியதானால் ஒலியின் ஒரு பகுதி வாயில் முட்டி உள்ளே திரும்பும். சில சுரங்கள் உறுமும், சில சுரங்கள் காணாமல் போகும்.

40 ஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போடுவோம். ஒலியின் வேகம் நொடிக்கு 345 மீட்டர் என்று வைத்தால் அலைநீளம் 8.6 மீட்டர். அந்தச் சுற்றளவுள்ள வட்டத்தின் பரப்பு 5.9 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒரு சின்ன அறையின் தரை அளவு. பெட்டி தரையில் உட்கார்ந்தால் தரையே கண்ணாடி போல வேலை செய்து மறுபாதியை ஈடுகட்டும். அப்போது 2.95 சதுர மீட்டர் போதும். அதுவும் ஒரு பெட்டியில் அடங்காது. அதனால் வாயைப் பெட்டிகளுக்குப் பங்கு போடுகிறோம். வெளி அளவு 90 செ.மீ. × 60 செ.மீ. முகமுள்ள பெட்டியை 18 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் உள்ளே 86.4 × 56.4 செ.மீ. இருக்கும். முகம் முழுவதையும் வாயாக விட்டால் 0.487 சதுர மீட்டர். ஆறு பெட்டி சேர்ந்தால் 2.92, கணக்கு ஏறக்குறைய நிறைவேறுகிறது. நான்கு பெட்டியில் 1.95, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. சிறிது ஏற்ற இறக்கம் இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகும். ஒற்றைப் பெட்டியில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கிறது. தனியாக வைத்து ஓட்டிப் பார்த்து “அடி பேஸே இல்லை” என்று பலர் கைவிடுவது இதனால்தான். ஒற்றைப் பெட்டி 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகச் சரியத்தான் செய்யும்.

1940-களில் அமெரிக்க ஒலிப்பெட்டி வடிவமைப்பாளர் பால் கிளிப்ஷ் வீட்டுக்காகச் செய்த மூலை ஹாரனும் இதே தத்துவத்தில்தான் நிற்கிறது. அறையின் இரண்டு சுவரும் தரையும் சேரும் மூலையை ஹாரனின் நீட்சியாக்கி, எட்டில் ஒரு பங்கு வாயில் காரியத்தை முடித்தார். மேடை முன்னால் நமக்குச் சுவர் கிடையாது. அந்த இடத்தில் தரையும் பக்கத்துப் பெட்டியும்தான் நிற்கின்றன.

வாய் முடிவானதும் டிரைவர். ஹாரனுக்கு ஏற்ற டிரைவர் என்றால் மேக்னெட் பலமானதாக, கோன் விறைப்பானதாக இருக்க வேண்டும். டேட்டா ஷீட்டில் எஃப்.எஸ். (கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண்), கியூ.இ.எஸ். (மேக்னெட் அந்த அதிர்வை அடக்கும் அளவு; எண் குறைந்தால் அடக்கம் அதிகம்), கியூ.டி.எஸ். (மொத்த அடக்கத்தின் அளவு), வி.ஏ.எஸ். (கோனின் ஸ்பிரிங்குக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) என்ற நான்கையும் எடுங்கள். எஃப்.எஸ்.ஸைக் கியூ.இ.எஸ்.ஸால் வகுத்தால் 100-க்கு மேல் வர வேண்டும். கியூ.டி.எஸ். 0.25-லிருந்து 0.35-க்குள் இருந்தால் நல்லது. காருக்கான சப்வூஃபரில் கியூ.டி.எஸ். பெரும்பாலும் 0.5-ஐத் தாண்டியிருக்கும். அதை ஹாரனில் போட்டால் ஒரு சுரம் மட்டும் குதிக்கும், மற்றவை மந்தமாகிவிடும். யாரோ ஒருவரின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, கடையில் கிடைத்த வேறு டிரைவரைப் போடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. வரைபடமும் டிரைவரும் பூட்டும் சாவியும் மாதிரி, தனித்தனியாக மாற்ற முடியாது.

கணக்குக்காக, நடைமுறையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு 18 இஞ்ச் டிரைவரின் எண்களை வைத்துக்கொள்வோம்: எஃப்.எஸ். 34 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். 0.30, வி.ஏ.எஸ். 250 லிட்டர், கோன் பரப்பு 1150 சதுர செ.மீ. தொண்டையின் பரப்புக்கு அமெரிக்க ஒலிப் பொறியாளர் டான் கீலே 1970-களில் தந்த சூத்திரம் இன்றும் நல்ல தொடக்கம்: இரண்டு பை (π), எஃப்.எஸ்., கியூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். எல்லாவற்றையும் பெருக்கி ஒலியின் வேகத்தால் வகுக்க வேண்டும். வி.ஏ.எஸ்.ஸைக் கன மீட்டரில், 0.25 என்று போட மறக்காதீர்கள். விடை 0.0464 சதுர மீட்டர். மரத்தில் வெட்ட வசதியாக 480 சதுர செ.மீ. என்று வைப்போம். கோனின் பரப்பை இதால் வகுத்தால் 2.4. பேஸ் ஹாரனில் இந்த விகிதம் 2-லிருந்து 3 வரை இருப்பது பாதுகாப்பு. சத்தம் கூடும் என்று தொண்டையை இறுக்கி 4-க்கு மேல் போனால் கோன் மடியும், நடு மூடி உள்ளே அமுங்கும், ஒட்டிய இடம் பிரியும். வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) எரியாமல் கோன் மட்டும் கிழிந்து வரும் டிரைவர்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

அடுத்து விரிவு. எக்ஸ்பொனென்ஷியல் விரிவுக்கு (சம தூரத்துக்குச் சம மடங்கு பரப்பு பெருகும் விரிவு), நான்கு பையை அடி எல்லையால் (40 ஹெர்ட்ஸ்) பெருக்கி ஒலியின் வேகத்தால் வகுத்தால் மீட்டருக்கு 1.457 வரும். வாய்க்கும் தொண்டைக்கும் உள்ள விகிதம் 4870-ஐ 480-ஆல் வகுத்து 10.15. அதன் இயல் மடக்கை 2.317. அதை 1.457-ஆல் வகுத்தால் பாதையின் நீளம் 1.59 மீட்டர்.

எல்லாப் பலகையும் 56.4 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் மாறுவது உயரம் மட்டும்தான். ஆசாரிக்கும் வேலை சுலபம். தொண்டையில் இடைவெளி 8.5 செ.மீ. அங்கிருந்து பாதையின் நடுக்கோட்டில் 20 செ.மீ. போனதும் 11.4, 40-ல் 15.2, 60-ல் 20.4, 80-ல் 27.3, 100-ல் 36.5, 120-ல் 48.9, 140-ல் 65.4, கடைசியில் 86.4 செ.மீ. மரத்தை வளைக்கத் தேவையில்லை. மூன்று அல்லது நான்கு நேர்ப்பலகைகளால் இந்த எண்களைத் தொட்டுக்கொண்டு போனால் போதும். நடுவில் பத்து சதவீதம் பிசகினாலும் 100 ஹெர்ட்ஸில் காது கண்டுபிடிக்காது. ஆனால் தொண்டைக்கு அருகில் ஒரு செ.மீ. பிசகினால் அதுவே பன்னிரண்டு சதவீதம் ஆகிவிடும். அங்கே மட்டும் கறாராக இருங்கள்.

டிரைவருக்குப் பின்னால் இருப்பது மூடிய பின்னறை. பலர் இதை “மிச்ச இடம்” என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பெட்டியின் அடி எல்லை ஒழுங்காக நிற்பது இந்த அறையால்தான். எல்லைக்கு அருகில் ஹாரனுக்குள் இருக்கும் காற்று கோனுக்கு ஒரு பாரமாகத் தொங்கும். பின்னறைக் காற்றின் ஸ்பிரிங் அந்தப் பாரத்தைச் சமன் செய்ய வேண்டும். தொண்டைப் பரப்பை ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டு பையாலும் அடி எல்லையாலும் வகுத்தால் 0.066 கன மீட்டர், அதாவது 66 லிட்டர். இது டிரைவரின் சொந்த ஸ்பிரிங்கும் அறையின் ஸ்பிரிங்கும் சேர்ந்த கணக்கு. டிரைவரின் 250 லிட்டரைக் கழிக்க, 66-இன் தலைகீழிலிருந்து 250-இன் தலைகீழைக் கழித்து, விடையைத் திரும்பத் தலைகீழாக்குங்கள். 90 லிட்டர் வரும். டிரைவரின் உடல் அடைக்கும் இடத்துக்கு ஒரு 8 லிட்டர் சேருங்கள். இந்தச் சூத்திரம் முழு வாய் உள்ள ஹாரனுக்கானது என்பதால், நான்கு பெட்டி அடுக்குக்கு 20 சதவீதம் மேலேயோ கீழேயோ நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் மென்பொருள்.

கோனுக்கும் தொண்டைக்கும் நடுவில் உள்ள முன்னறையை எவ்வளவு சிறிதாக வைக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக வையுங்கள். அது மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் போல வேலை செய்யும். இந்த டிரைவருக்கு 12 லிட்டர் முன்னறை என்றால் வெட்டு 425 ஹெர்ட்ஸில் விழும், நமக்குத் தொல்லை இல்லை. ஆனால் இடத்தை மிச்சப்படுத்த, எதிர்ப் பலகையைக் கோனின் விளிம்பு ரப்பருக்கு அருகே கொண்டுபோய்விடாதீர்கள். கோன் முழு வீச்சில் வெளியே வரும்போது விளிம்பு பலகையில் தட்டும். 25 மி.மீ. தெளிவாக இருக்கட்டும்.

இவ்வளவையும் மரத்தில் வெட்டுமுன் டேவிட் மெக்பீனின் ஹாரன்ரெஸ்ப் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அதில் மூன்று இடங்களில் எல்லோரும் சறுக்குகிறார்கள். முதலாவது, கோனின் எடை. டேட்டா ஷீட்டில் இருப்பது காற்றின் பாரமும் சேர்ந்த எம்.எம்.எஸ்.; மென்பொருள் கேட்பது காற்று சேராத எம்.எம்.டி. இரண்டாவது, கோணம். தரையில் வைக்கும் பெட்டிக்கு இரண்டு பை (அரைக்கோள வெளி) என்று கொடுக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: ஒற்றைப் பெட்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வரைபடத்தைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். நான்கு பெட்டி அடுக்கு என்றால் தொண்டை, வாய், பின்னறை, முன்னறை எல்லாவற்றையும் நான்கால் பெருக்கி, டிரைவர் எண்ணிக்கையையும் நான்கு என்று போட்டுப் பாருங்கள். ஒற்றைப் பெட்டியின் கோட்டில் தெரிந்த மலையும் பள்ளமும் அங்கே தணிந்திருக்கும். கோனின் வீச்சுக் கோட்டையும் அதே நேரத்தில் பாருங்கள். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது மேலே எகிறுவது கண்ணுக்குத் தெரியும்.

மடிப்பைப் பற்றித் தேவைக்கு அதிகமாகப் பயப்படுகிறார்கள். 110 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டருக்கு மேல். 25 செ.மீ. அகலத் திருப்பம் அந்த அலைக்கு ஒன்றுமே இல்லை. இதே பெட்டியை 250 ஹெர்ட்ஸ் வரை பாட வைக்க நினைத்தால்தான் மடிப்பு கோளாறு தரும். இந்த அளவுகளுக்கு ஒரே திருப்பம் போதும்: தொண்டையிலிருந்து பாதை பின்சுவரை நோக்கிப் போய், அங்கே திரும்பி, முன்னால் விரிந்து வாயாக வேண்டும். டிரைவரும் பின்னறையும் இரண்டு வழிகளுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி உட்காரும். திருப்பத்தின் மூலைகளில் 45 பாகையில் ஒரு துண்டு வையுங்கள். அது பரப்பு திடீரென்று பெருகுவதைத் தடுக்கும், பெட்டிக்கு உறுதியும் தரும். அளவை எப்போதும் பாதைக்குச் செங்குத்தாக எடுக்க வேண்டும். பக்கப் பலகையின் விளிம்புக்கு இணையாக அளந்தால் சாய்ந்த இடத்தில் எல்லாம் பரப்பு குறைந்துபோகும், தொண்டை இறுகிவிடும்.

ஹாரன் வழியின் கொள்ளளவு 301 லிட்டர். பின்னறை 98, முன்னறை 12, மரம் 95 லிட்டர் வரை. மூலையில் வீணாகும் இடத்தையும் சேர்த்தால் பெட்டியின் ஆழம் 100 செ.மீ. வேண்டும். முதலில் பக்கப் பலகையை ஐந்தில் ஒரு பங்கு அளவில் தாளில் வரைந்து, டிரைவரின் பக்கத் தோற்றத்தை அதே அளவில் அட்டையில் வெட்டி உள்ளே நகர்த்திப் பாருங்கள். மேக்னெட் முட்டுகிறதா, போல்ட்டுக்குக் கை போகுமா, டிரைவரை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பதெல்லாம் அந்த அட்டையே சொல்லிவிடும். ஒட்டி முடித்த பிறகு டிரைவர் வெளியே வராத பெட்டிகள் நிஜமாகவே செய்யப்படுகின்றன.

மரம் 18 மி.மீ. மரைன் பிளை, ஐ.எஸ். 710 (மரைன் பிளைக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ளது. எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் வேண்டாம். மழையில் ஊதும், விளிம்பில் ஸ்க்ரூ நிற்காது. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றில் இரண்டு பக்கப் பலகைகளும், 100 × 90 செ.மீ. அளவில், வந்துவிடும். மற்ற ஷீட்டுகளை 56.4 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கிழித்தால் ஒரு ஷீட்டில் இரண்டு பட்டை கிடைக்கும். மேல், கீழ், பின், உள் சுவர் எல்லாம் சேர்த்து ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமான பட்டை நீளம் செலவாகும். ஆக, ஒரு பெட்டிக்கு இரண்டரை ஷீட். பட்டை கிழித்தபின் எஞ்சும் 9 செ.மீ. துண்டை எறியாதீர்கள், உள் முட்டுக்கு அதுதான். டிரைவரோடு பெட்டி 80 கிலோவைத் தாண்டும். பின்பக்கம் நான்கு சக்கரமும், இரண்டு பக்கமும் நல்ல கைப்பிடியும் வைத்தே ஆக வேண்டும். கைப்பிடியின் குழி பின்னறையிலோ ஹாரன் வழியிலோ திறந்தால் அதற்குப் பின்னால் மூடிய பெட்டி போட்டு அடைக்க வேண்டும்.

பக்கப் பலகைகளில் ஹாரன் வழி முழுவதையும் பென்சிலால் வரைந்து, கோட்டின் நடுவே 15 செ.மீ.க்கு ஒரு துளை போட்டுவிட்டால், மூடும்போது ஸ்க்ரூ எல்லாம் உள் பலகையின் நடுவில் சரியாக இறங்கும். பசை தாராளமாக இருக்கட்டும். ஸ்க்ரூ இறுக்கும்போது இணைப்பு நெடுகப் பசை பிதுங்கி வராத இடம் கசியும் இடம். உள் மூலைகள் எல்லாவற்றிலும் கட்டுமானப் பசையை ஒரு கோடாக இழுங்கள். வாய்க்கு அருகே உள்ள பெரிய பலகைகள்தான் அதிகம் துடிக்கும். காற்று போகும் திசையிலேயே, நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு 18 மி.மீ. தடுப்பு வையுங்கள். அது தின்னும் பரப்பு மூன்று சதவீதம்தான்.

டிரைவருக்கு டி-நட்டும் (மரத்தில் பதியும் உலோக நட்) போல்ட்டும் போடுங்கள், மர ஸ்க்ரூ சில நிகழ்ச்சிகளிலேயே தளர்ந்துவிடும். பின்னறை மூடிக்கு நுரை ரப்பர் வாஷர் வைத்து 10 செ.மீ.க்கு ஒரு போல்ட். ஸ்பீக்கான் (ஸ்பீக்கர் வயர் செருகும் இணைப்பு) தகட்டுக்கு அடியிலும் ரப்பர் வேண்டும். ஊசி ஓட்டை அளவுக் கசிவும் அந்த அழுத்தத்தில் விசில் அடிக்கும்.

மூடுவதற்கு முன் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டு, கோன் நான்கிலும் ஒரே பக்கம் நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு கோன் கண்ணில் படாது. ஹாரன் பெட்டியில் வயர் மாறிப்போவது மாதக்கணக்கில் தெரியாமல் இருப்பதற்கு அதுவே காரணம். சந்தேகம் வந்தால் இரண்டு பெட்டியை ஒட்டி வைத்து 60 ஹெர்ட்ஸ் ஓட்டி, ஒன்றின் வயரை மாற்றிப் பாருங்கள். சத்தம் கூடும் நிலைதான் சரி. பிறகு குறைந்த பவரில் 30-லிருந்து 150 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றி, பெட்டியைச் சுற்றிக் கையை வைத்துத் தேடுங்கள். கடகடப்பும் காற்றுச் சீறலும் அப்போதே பிடிபடும். நான்கு பெட்டிக்கும் இம்பீடன்ஸ் கோடு (அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் மின்தடையின் வரைகோடு) எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகினால் அதில் கசிவு இருக்கிறது.

நிகழ்ச்சி இடத்தில் இந்த உழைப்பை வீணாக்கும் பழக்கம் ஒன்று உண்டு: மேடையின் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று பிரித்து வைப்பது. பார்வைக்குச் சமச்சீராக இருக்கும். ஆனால் வாய் பாதியாகி அடி பேஸ் போய்விடும், மைதானத்தின் நடுக்கோட்டில் மட்டும் பேஸ் குவிந்து இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக வெற்றிடம் விழும். நான்கையும் படுக்கவைத்து, இரண்டின் மேல் இரண்டாக, மேடைக்கு முன்னால் நடுவில், தரையோடு ஒட்டி அடுக்குங்கள். வாய் 1.8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரமுள்ள ஒரே வாயாகிவிடும். மரப் பலகை மேடை மீது ஏற்ற வேண்டாம், பலகை சேர்ந்து ஆடும்.

கிராஸ்ஓவரில் (அதிர்வெண்களைப் பிரித்து அனுப்பும் கருவி) மேல் வெட்டு 100 அல்லது 110 ஹெர்ட்ஸ். கீழ் வெட்டு 38-லிருந்து 40 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் வைத்தே ஆக வேண்டும். எல்லைக்குக் கீழே ஹாரன் கோனைத் தாங்காது. கோன் தனியாக ஆடும், சத்தம் வராது, காயில் அடிபடும். “அடி இன்னும் வேணும்” என்று ஈக்வலைசரில் 35 ஹெர்ட்ஸை ஏற்றுவது டிரைவரை முறிக்கும் நேர்வழி.

டிலேயை (ஒலியைத் தாமதிக்கும் அமைப்பை) மறந்துவிடாதீர்கள். ஒலி பெட்டிக்குள் 1.6 மீட்டர் நடந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. மேலே வைத்த டாப் பெட்டியின் (நடு, மேல் சுரங்களுக்கான பெட்டி) முகமும் ஹாரன் வாயும் ஒரே கோட்டில் இருந்தால், டாப் 4.6 மில்லி நொடி முன்னதாகப் பேசிவிடும். கிக் டிரம்மின் தட்டல் ஓரிடத்திலும் அதன் உடம்பு வேறிடத்திலும் கேட்கும். “ஹாரன் பேஸ் மெதுவானது” என்ற பழைய குறையில் பாதி இந்த 4.6 மில்லி நொடிதான். டாப்புக்கு அந்த டிலேயைக் கொடுத்துத் தொடங்குங்கள். பிறகு டாப்பின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸ் இணைப்பை) திருப்பி, கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் ஒரு சுரத்தை ஓட்டி, சத்தம் மிக அதிகமாக அழியும் இடம் வரை டிலேயை அரை அரை மில்லி நொடியாக நகர்த்துங்கள். அந்த இடத்தில் நிறுத்தி போலாரிட்டியைப் பழையபடி மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாக வந்து சேரும்.